பத்தாம் வகுப்புப் பெண் சாப்பாட்டைக் குறைக்கிறாள்: பரீட்சை டென்ஷனா, உடம்பைப் பற்றிய கவலையா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். மகளுக்கு 14 முடிந்து ஆறு மாதம், பத்தாம் வகுப்பு. உயரம் 154 செ.மீ. ஏப்ரலில் 51 கிலோ, இப்போது ஜூலையில் 47. காலையில் "டைம் இல்லம்மா" என்று கிளம்பிவிடுகிறாள். மதிய டப்பா பாதி திரும்பி வருகிறது. ராத்திரி "பசிக்கல". டியூஷன் முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி வரை புத்தகமும் போனுமாக உட்கார்ந்திருக்கிறாள், விடிகாலை ஐந்தரைக்கு இன்னொரு டியூஷன். "தொடை குண்டா இருக்கு" என்கிறாள், குடும்ப போட்டோவில் நிற்க மாட்டேன் என்கிறாள். இரண்டு மாதமாகப் பீரியட்ஸ் இல்லை. பஸ் ஸ்டாப்பில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். தெரிந்த டாக்டர் எடை பார்த்து "நார்மல்தான்" என்று அனுப்பிவிட்டார். மாமியாரோ "இளைச்சதும் லட்சணமா இருக்கா" என்கிறார். "இது பரீட்சை டென்ஷன்தானே, வயசுக் கோளாறுதானே, தானாகச் சரியாகிவிடும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வாக்கியத்தில் மூன்று "தானே" இருப்பதால், பயப்பட வேண்டியிருக்குமோ என்பதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் இன்ன நோய் என்று பெயர் வைக்க முடியாது, வைக்கவும் மாட்டேன். ஆனால் நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்து ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம்: காத்திருந்து பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. இந்த வாரமே ஒரு குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். ஏன் என்பதை விளக்குகிறேன்.

154 செ.மீ. உயரத்துக்கு 47 கிலோ என்பது தனியாகப் பார்த்தால் நல்ல எடைதான். அந்த டாக்டர் சொன்னதில் தவறில்லை, அவர் பார்த்தது ஒரு நாளின் எண்ணை. பார்க்க வேண்டியது எண் நகரும் திசையை. பருவ வயதில் பெண் குழந்தைகளுக்கு எடை ஏறுவது உடம்பின் திட்டம். வளர்ச்சியின் உச்சத்தில் ஒரே வருஷத்தில் 8 கிலோ வரை கூடுவது இயல்பு. பெரியவர்களாகும்போது இருக்கப்போகும் எடையில் ஏறக்குறைய பாதி இந்தப் பருவத்தில்தான் சேர்கிறது. இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது இதில் ஒரு பகுதி, மாதவிடாய் ஒழுங்காக வருவதற்கே அந்தக் கொழுப்பு தேவை. அதனால் இந்த வயதில் எடை பல மாதம் ஏறாமல் நின்றாலே கவனிப்போம். மூன்று மாதத்தில் 4 கிலோ, அதாவது இருந்ததில் 8 சதவீதம் இறங்கியிருப்பது, எந்த எண்ணில் வந்து நின்றாலும் இயல்பல்ல. பெரியவர்களுக்கான 18.5, 25 என்ற பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) கோடுகளை 18 வயதுக்குக் கீழே அப்படியே பொருத்தவும் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட 5 முதல் 18 வயது வரைக்கான வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. பள்ளி மருத்துவ அட்டை, பழைய சீட்டுகள் என்று கையில் கிடைக்கும் எடை உயரங்களையெல்லாம் தேதியோடு எடுத்துப் போங்கள். அவற்றை வரைபடத்தில் புள்ளி வைத்தால் கோடு எங்கே மடங்கியது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பீரியட்ஸ் விஷயம் இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. வயதுக்கு வந்த முதல் வருஷம் தாறுமாறாக வருவது சகஜம். ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குள் 21 முதல் 45 நாள் இடைவெளி வரை இயல்பாகவே எடுத்துக்கொள்கிறோம். முதல் வருஷம் தாண்டிய பிறகு ஒரு தடவைகூட 90 நாளுக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. உங்கள் மகளுக்கு 60 நாள் ஆகிறது. எடை இறங்காமல் இது மட்டும் நடந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றிருப்பேன். இரண்டும் சேர்ந்து வரும்போது, போதுமான சாப்பாடு இல்லாததால் மூளை சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்தியிருக்கலாம் என்ற சந்தேகமே முன்னால் நிற்கிறது. இந்த இடத்தில் பல பெண்களுக்கு ஸ்கேன் எடுத்து, "நீர்க்கட்டி இருக்கு, பி.சி.ஓ.டி., எடையைக் குறை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வயதுக்கு வந்து எட்டு வருஷம் வரை சினைப்பையில் சிறு கட்டிகள் தெரிவது வளர்ச்சியின் பகுதிதான், அந்த ஸ்கேனை வைத்துப் பி.சி.ஓ.டி. என்று முடிவு செய்யக் கூடாது என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஏற்கெனவே தட்டைத் தள்ளிவிடும் பெண்ணிடம் "எடையைக் குறை" என்று ஒரு டாக்டர் சொன்னால், அதற்குப் பிறகு வீட்டில் யார் சொன்னாலும் எடுபடாது.

இனி டென்ஷனா, உடம்பா என்ற கேள்வி. இரண்டும் தனித்தனி அறையில் இருப்பதில்லை. அவசர டென்ஷனில் வயிறு மூடிக்கொள்வது உண்மை, பரீட்சை நாள் காலையில் இட்லி இறங்காதது நடிப்பல்ல. ஆனால் அது மணிக்கணக்கு விஷயம், மாதக்கணக்கில் நீள்வதில்லை. நாள்பட்ட டென்ஷனில் பலருக்கு நேர்மாறாக இனிப்பும் நொறுக்குத் தீனியும் கூடுகிறது. மூன்று மாதம் தொடர்ந்து, மூன்று வேளையும் குறைகிறது என்றால் பசியின்மை மட்டும் காரணமாக இருப்பது அரிது. அதில் ஒரு தீர்மானம் இருக்கிறது. மார்க் கையில் இல்லை, டீச்சர் கையில் இல்லை, அப்பா அம்மா பேச்சு கையில் இல்லை. எடை இயந்திரத்தில் தெரியும் எண் மட்டும் சொன்னபடி கேட்கிறது. 200 கிராம் இறங்கினால் அன்றைக்கு ஒரு வெற்றி. எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, ஆனால் நன்றாகப் படிக்கும், தப்பே செய்யக் கூடாது என்று நினைக்கும் பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

வேறொரு கோலத்திலும் வரும். எல்லாரும் "குண்டாயிட்டேன்" என்று சொல்ல மாட்டார்கள். 1990-களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் ஆராய்ந்த, அனோரெக்ஸியா (சாப்பாட்டைக் குறைத்து மெலிந்துகொண்டே போகும் உணவுக் கோளாறு) உள்ள 70 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குண்டாகிவிடுவோம் என்ற பயத்தையே சொல்லவில்லை. வயிறு உப்புசம், பசியில்லை என்றுதான் சொன்னார்கள். நம் வீடுகளிலும் "நெஞ்சு கரிக்குது", "வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கு", திடீரென்று ஆரம்பித்த வெள்ளி, சனி விரதம், "இனிமே நான் சைவம்" என்ற வடிவில் வரும். விரதம் இருப்பதே நோய் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். விரதம் முடிந்ததும் ஆசையாகச் சாப்பிடுகிறாளா, அதையும் ஒத்திப்போடுகிறாளா என்று பாருங்கள்.

சாப்பாட்டைக் குறைப்பது மனதை என்ன செய்யும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி உணவு கொடுத்துப் பார்த்தார். உடல் எடையில் கால்வாசி போயிற்று. அதைவிட முக்கியம், அவர்கள் எரிச்சல்காரர்களானார்கள், நண்பர்களைத் தவிர்த்தார்கள், நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். படிப்பில் மனம் ஒட்டவில்லை என்றார்கள், ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் பெரிய சரிவு இல்லை. உங்கள் மகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மூளை மழுங்கவில்லை, ஆனால் ஒரு பாடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு மணி நேர வேலை இரண்டு மணி ஆகிறது. தூக்கம் கெடுகிறது. அடுத்த நாள் டென்ஷன் கூடுகிறது, பிடித்துக்கொள்ள இன்னும் கொஞ்சம் சாப்பாட்டைக் குறைக்கிறாள். டென்ஷன் போனால் சாப்பிடுவாள் என்று காத்திருப்பதைவிட, சாப்பிட வைத்தால் டென்ஷனில் பாதி குறையும் என்பதே சரியான வரிசை. அவள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதிலும் எரிந்து விழுவதிலும் எவ்வளவு பசியின் வேலை என்பது ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். அதுவரை குணத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிறு தீனி, எதற்கும் நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. காலை ஏழு மணிக்குள் இட்லியோ தோசையோ, கூட ஒரு டம்ளர் பால். பள்ளி இடைவேளைக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வாழைப்பழமும். மதியம் சாதத்தோடு பருப்பு, காய், ஒரு முட்டை. டியூஷனுக்குக் கிளம்பும் முன் சுண்டல். இரவு எட்டரைக்குள் டிபன். இந்த வயதுப் பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் கணக்கு நாளுக்குச் சுமார் 2400 கலோரி, 43 கிராம் புரதம். முட்டை ஒன்றில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7, 30 கிராம் வேர்க்கடலையில் 7 என்று கணக்குப் போட்டால் எட்டிவிடக் கூடியதுதான். இந்த எண்கள் உங்களுக்கு மட்டும். அவளிடம் கலோரி என்ற பேச்சே வேண்டாம், அவளுக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். வீட்டில் எடை இயந்திரம் இருந்தால் பரணில் ஏற்றிவிடுங்கள், எடை பார்ப்பது டாக்டர் வேலை.

பரிமாறுவது நீங்கள், அளவை முடிவு செய்வதும் இப்போதைக்கு நீங்கள். "என்ன வேணும், எவ்வளவு வேணும்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவளை மறுபடி தீர்மானம் எடுக்கும் இடத்தில் நிறுத்தும், தீர்மானம் எப்போதும் "வேண்டாம்" என்றே வரும். காய்ச்சல்காரக் குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது விருப்பம் கேட்காததைப் போல, கோபமில்லாமல், பேரம் பேசாமல் கொடுங்கள். கூடவே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். அரை மணி நேரம் ஆகட்டும். அந்த நேரத்தில் மார்க்கும் பேசக் கூடாது, சாப்பாடும் பேசக் கூடாது. சீரியல், கிரிக்கெட், பக்கத்து வீட்டு நாய், எதுவும் பரவாயில்லை. சாப்பிட்ட உடனே பாத்ரூம் போய், வாந்திச் சத்தம் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிடும் பழக்கம் இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முக்கால் மணி நேரம் ஹாலிலேயே இருக்கும்படி ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: பல நாளாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருக்கும் பெண்ணுக்கு வீட்டில் திடீரென்று நிறையக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் பாதிக்கும் ஆபத்து உண்டு, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். உங்கள் மகள் பாதியாவது சாப்பிடுவதால் அந்த இடத்தில் இல்லை என்றே தோன்றுகிறது, டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அவளிடம் என்ன பேசுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். "நீ எங்கடி குண்டு? ஒல்லிக்குச்சி மாதிரி இருக்க" என்பதுதான் எல்லா அம்மாவுக்கும் முதலில் வாயில் வருவது. அது வேலை செய்யாது. அவளுக்கு அது வாதம், தொடையைக் காட்டிப் பதில் வாதம் வைப்பாள், நாளைக்கு மறுபடி கேட்பாள். ஆறுதல் கேட்பதும் ஆறுதல் சொல்வதும் தினசரிச் சடங்காகிவிடும். உடம்பைப் பற்றிய தர்க்கத்துக்குள் போகாமல், கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: "கண்ணு, நேத்து பஸ் ஸ்டாப்புல தலை சுத்துதுன்னு உக்காந்துட்ட. பீரியட்ஸ் வரல. எனக்குப் பயமா இருக்கு. குண்டா இல்லையான்னு நாம சண்டை போட வேண்டாம். நாளையிலேருந்து காலைல ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுறோம், வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம்." அழுவாள், கத்துவாள். அதற்காகத் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.

மாமியாரிடம் தனியாகப் பேசியே ஆக வேண்டும். "அத்தை, அவ இளைச்சதைப் பத்தி நல்லதாவும் சொல்ல வேண்டாம், கெட்டதாவும் சொல்ல வேண்டாம். டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க" என்று டாக்டர் தலையில் போட்டுவிடுங்கள், நம் குடும்பங்களில் அதுதான் எடுபடும். இளைத்ததற்குக் கிடைக்கும் பாராட்டு, இந்தப் பிரச்சினைக்குக் கிடைக்கும் சம்பளம். கிண்டலும் அப்படித்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் பள்ளிப் பிள்ளைகளை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், வீட்டில் எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்டவர்களுக்கும் இந்த வயதில் டயட் இருந்தவர்களுக்கும் பின்னால் உணவுக் கோளாறுகள் அதிகம் வந்தன. டயட் இருந்தவர்கள் இல்லாதவர்களைவிட எடையும் கூடினார்கள். உங்கள் பேச்சையும் கொஞ்சம் கவனியுங்கள். கண்ணாடி முன் நின்று "இந்தத் தொப்பையை வெச்சுக்கிட்டு எந்தப் புடவை கட்டுறது" என்று நீங்கள் சொல்வது உங்களைப் பற்றித்தான், கேட்டுக்கொண்டிருக்கும் பெண் அதைத் தனக்கான அளவுகோலாக எடுத்துக்கொள்கிறாள்.

போனும் இன்ஸ்டாவும்தான் காரணமா என்று பலர் கேட்கிறார்கள். இங்கே ஆதாரம் கலவையானது. ஊடகம் உடம்பைப் பற்றிய எண்ணத்தை மாற்றும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம் ஃபிஜி. புஷ்டியான உடம்பை அழகாகக் கருதிய ஊர் அது. அங்கே நாட்ரோகா பகுதிக்கு 1995-ல் டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அப்போதும் 1998-லும் பள்ளிப் பெண்களிடம் கேட்டதில், உணவுக் கோளாறுக்கான சோதனையில் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆனார்கள். எடைக்காக வாந்தி எடுப்பது பூஜ்யத்திலிருந்து 11.3 சதவீதம் ஆயிற்று. கேட்க அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் இரண்டு தடவையும் கேட்டது வெவ்வேறு பெண்களிடம், ஒவ்வொரு குழுவிலும் அறுபத்துச் சொச்சம் பேர்தான், டிவி வராத ஊரோடு ஒப்பீடும் இல்லை. 2021-ல் கசிந்த இன்ஸ்டாகிராமின் உள் ஆவணத்தில் வந்த 32 சதவீதக் கணக்கும் இப்படித்தான் திரிந்துவிட்டது. அது எல்லாப் பெண்களிலும் 32 சதவீதம் அல்ல. தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மோசமாக உணர்ந்த பதின்ம வயதுப் பெண்களில், இன்ஸ்டா அதை இன்னும் மோசமாக்கியதாகச் சொன்னவர்களின் பங்கு. எனவே போனைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்ல மாட்டேன். தோழிகளிடமிருந்து துண்டித்தால் இருக்கும் ஒரு ஆதரவும் போய்விடும். "ஏழு நாளில் இடுப்பு குறைய", "ஒரு நாள் முழுக்க நான் என்ன சாப்பிடுகிறேன்" மாதிரி ரீல்ஸ் வரும் கணக்குகளை அவளே உட்கார்ந்து நீக்கும்படி செய்வதும், ராத்திரி பத்தரைக்கு மேல் வீட்டிலுள்ள எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் கிடப்பதும் நடைமுறைக்கு ஆகும். எல்லார் போனும் என்பதில் உங்கள் கணவருடையதும் சேர்த்தி.

நம் ஊரில் எடையோடு நிறமும் முகப்பருவும் சேர்ந்துகொள்கிறது, இதற்கு மேலைநாட்டுக் கேள்வித்தாள்களில் இடமே இல்லை. அவள் பையில், அலமாரியில் பெயர் தெரியாத க்ரீம் இருக்கிறதா என்று பாருங்கள். டியூபின் பின்பக்கத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும், தோழிகள் கேட்டு வாங்குவார்கள். சில மாதத்தில் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், பரு வெடிக்கும், மெல்லிய முடி வளரும். நிறுத்தினால் எரியும், அதற்குப் பயந்து மறுபடி போடுவாள். 2018-ல் இப்படிப்பட்ட 14 மேற்பூச்சு ஸ்டீராய்டு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது, ஆனாலும் கடைகளில் கேட்டால் கிடைக்கிறது. ஏற்கெனவே பல மாதம் போட்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள். கழுத்தின் பின்புறம் வெல்வெட் மாதிரி கறுத்திருக்கும் பெண்கள் எலுமிச்சையும் படிகாரமும் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. அது அழுக்கல்ல, பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சர்க்கரை பார்க்க வேண்டும்.

டென்ஷனைச் சமாளிப்பது பற்றி ஒரு வார்த்தை. பெண்பிள்ளைகள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது பாதிதான் உண்மை. அமாண்டா ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2002-லிருந்து ஆராய்ந்த ஒன்று இருக்கிறது: இரண்டு தோழிகள் ஒரே கவலையை மணிக்கணக்காகத் திருப்பித் திருப்பிப் பேசும்போது நட்பு நெருக்கமாகிறது, கூடவே பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுகிறது. "எனக்கு ஒண்ணுமே தெரியல", "எனக்கும்தான்" என்று பரீட்சைக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு நடக்கும் போன் பேச்சு அந்த வகை. பேச்சைத் தடுக்காதீர்கள். "இருபது நிமிஷம் புலம்பு, அப்புறம் நாளைக்குச் செய்யப்போற ஒரு காரியத்தை முடிவு பண்ணிட்டு வை" என்று ஒரு வழக்கம் சொல்லிக்கொடுங்கள். தலைக்குள்ளேயே சுழலும் கவலைக்கு, மாலையில் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி நோட்டில் எழுதச் சொல்வது நிறையப் பேருக்கு உதவுகிறது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் "ஆறரைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைக்க வேண்டும். பரீட்சை ஹாலில் படபடப்பு வந்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது, ஐந்து நிமிடம். மூச்சை விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும், பதற்றத்தில் பெரிதாக இழுத்து இழுத்துத்தான் தலைசுற்றல் வருகிறது. வீட்டில் பத்து நாள் பழகாமல் ஹாலில் முதல்முறை செய்தால் பலன் இருக்காது.

இதெல்லாவற்றையும்விடத் தூக்கம் பெரிது. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தேவை. ராத்திரி ஒன்று, விடிகாலை ஐந்தரை டியூஷன் என்றால் நாலரை மணி நேரம்தான் தூங்குகிறாள். பருவ வயதில் உடம்புக் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போவதால், ஒன்பது மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. அது சோம்பேறித்தனமல்ல. அதனால் வெட்ட வேண்டியது காலை டியூஷனை. ஒரு பாடத்துக்கான டியூஷனையாவது நிறுத்துங்கள். கேட்கும்போது பகீரென்று இருக்கும், தெரியும். மாநில ரேங்க் பட்டியலையே தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்திவிட்டது, பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனாலும் ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். இந்தத் தகவலை நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் படிப்பை விட்டுவிடுவாள் என்று பயப்பட வேண்டாம். சொல்லாதபோதுதான், தோற்றால் எல்லாம் முடிந்தது என்று அவளாக முடிவு கட்டிக்கொள்கிறாள்.

இப்போது அபாயக் குறிகள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு மணிக்கட்டில் நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எழுந்து நின்றதும் மயக்கம், உடம்பு சில்லென்று இருப்பது, முதுகிலும் கையிலும் புதிதாகப் பூனைமுடி, வாந்திக்காக விரல் விட்டதால் விரல் முட்டிகளில் தழும்பு, கன்னத்துக்குக் கீழ் வீக்கம், தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது, இவற்றில் எதுவானாலும் தள்ளிப்போடாதீர்கள். கையில் வெட்டுக் காயமோ, எப்போதும் முழுக்கை உடையோ இருந்தால், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, இது ஆராய்ந்து பார்த்த விஷயம். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரை டப்பா, எலி மருந்து, பூச்சி மருந்து எல்லாவற்றையும் அன்றைக்கே பூட்டி வையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம், தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: உடம்பை மறைக்கும் தொளதொள உடை, குறிப்பிட்ட ஒரு டியூஷனுக்கோ உறவினர் வீட்டுக்கோ போக மறுப்பது, அடிக்கடி குளிப்பது இவை சேர்ந்தால் யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்றும் விசாரிக்க வேண்டியிருக்கும். அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098. எல்லாப் பெண்களுக்கும் இது இருக்கும் என்று அர்த்தமில்லை, கேட்காமலே விடப்படும் கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

டாக்டரிடம் போகும்போது முழு ரத்தப் பரிசோதனை, ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, சர்க்கரை, சோடியம் பொட்டாசியம், இ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது), ஒரு ஈ.சி.ஜி. கேட்பார். தைராய்டும் டி.பி.யும்கூட எடையைக் குறைக்கும், அவற்றை விலக்க வேண்டும். இந்திய அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது, அதனால் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே வந்தால் அதுவே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை அதற்கு மட்டும்தான். பீரியட்ஸ் தள்ளிப்போனதற்குச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள், எல்லாருக்கும் செய்வதுதான், அங்கே வைத்துக் கோபப்பட வேண்டாம். எல்லா ரிசல்ட்டும் நார்மலாக வந்தால் பிரச்சினை இல்லை என்று பொருளல்ல, உணவுக் கோளாறில் ரத்தம் கடைசியாகத்தான் கெடும். பசி எடுக்கும் டானிக் எழுதிக் கொடுத்தால், தூக்கம் வரும், வேறு பலன் இராது. இந்த வயதில் அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை, பெற்றோர் சாப்பாட்டைப் பொறுப்பேற்று நடத்த, அதற்குச் சிகிச்சையாளர் வாராவாரம் துணை நிற்கும் குடும்ப வழிச் சிகிச்சை. தனியார் ஆலோசகர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு புறநோயாளி சேவை இலவசம், காலையில் சீக்கிரம் போனால் ஆற அமரப் பேசலாம். உள்ளே போனதும், நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, பத்து நிமிடம் வெளியே உட்காருங்கள். அவள் டாக்டரிடம் தனியாகப் பேசட்டும். வெளியே வந்த பிறகு "என்ன சொன்ன?" என்று கேட்காதீர்கள்.